மகுடேஸ்வரனை எழுப்பினேன்

மகுடேஸ்வரன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அவர் போக வேண்டிய ஃபிராங்க்ஃபர்ட் விமானத்துக்கு ஆட்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

அபுதாபி விமான நிலையத்தில் மூன்று நாற்காலிகளை அடைத்துப் படுத்திருந்தார். சாம்பிள் பை தலைக்கு, செருப்பு கீழே. என்னை நம்பித்தான் தூங்கினார்.

"ஏனுங்க கண்ணு, செத்த நேரம் கண்ணசந்துக்கறேன். கூப்புடறப்ப எழுப்பி உட்ருங்க. நாளைக்கு அந்த மீட்டிங்குக்குப் போகலீனா எங்க கம்பெனிக்குப் பூட்டுத்தானுங்க."

கோயம்புத்தூரிலிருந்து ஒரே விமானத்தில் வந்திருந்தோம். ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் இரண்டு பேருக்கும் ஒரே விமானம்தான், அதற்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்க வேண்டும். நான் அம்மாவிடம் போனில் பேசி முடித்ததும், நம்மூர்ப் பிள்ளை என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் தெக்கத்திப் பேச்சு. வீரபாண்டியில் வளர்ந்ததால் வெளியே கொங்குப் பேச்சு. அவரிடம் இரண்டாவதை எடுத்துவிட்டேன்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரியும்.

அவருடைய சாயப்பட்டறையில் அப்பா பதினோரு வருஷம் ஷேடு பார்த்தார். வாங்குகிறவன் கேட்ட நிறத்தில் துணி வந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை.

ஒரு ராத்திரி லாரி வந்து நின்றது. ஷேடு பார்க்கிற லைட் பெட்டி ரிப்பேர். டியூப்லைட்டில் பார்த்து நிறம் சொல்ல முடியாது, விடியட்டும் என்றார் அப்பா. மகுடேஸ்வரன் பேனாவைக் கையில் திணித்துக் கையெழுத்து வாங்கினார்.

துணி பனியனாகி, கப்பலேறி, போன வேகத்தில் திரும்பி வந்தது. பகலில் பார்த்தால் அது மெரூன் இல்லை. செங்கல்.

அதில் ஒரு பனியனை அப்பாவுக்கு மாட்டிவிட்டு, ஷிப்டு விடுகிற நேரத்தில் கேட்டில் நிறுத்தினார். இந்தத் தெக்கத்தியான் கண்ணுக்கு இதுதான் மெரூனாம் என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். சாப்பாடு கொண்டுபோன நான் தூக்குப்போசியோடு ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்றேன். எனக்குப் பதினாலு வயது.

அத்தோடு விட்டாரா? பட்டறை பட்டறையாகப் போன் போட்டுச் சொன்னார். அப்பாவை அப்புறம் யாரும் வேலைக்குச் சேர்க்கவில்லை. ஊரே பனியன் தைக்கிற ஊரில், சாகும்வரை அப்பா பனியன் போடவே இல்லை.

அந்த மனுஷன்தான் இன்றைக்கு எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். வாங்கிக் குடித்தேன்.

அவர் பாட்டுக்குப் புலம்பினார். ஜெர்மனிக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கப் புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிறானாம், பெரியகருப்பன் என்று. முகம் பார்த்ததில்லை, எல்லாம் மெயிலில்தான். மூன்று தடவை சாம்பிளைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். நேரில் போய்க் காலில் விழுந்தாவது ஓகே வாங்கிவிட வேண்டும் என்றார்.

"அப்படிங்களா" என்றேன்.

பையிலிருந்து பச்சை டி-ஷர்ட் ஒன்றை எடுத்து, ஷேடு கார்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கேட்டார்.

"இந்த வெளிச்சத்துல பாத்துச் சொல்ல முடியாதுங்க. விடியோணும்."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க பட்டறைலயும் ஒருத்தன் இதையேதான் சொல்லிட்டுத் திரிஞ்சானுங்க. அவன் பேரென்ன… நெனப்பே வரமாட்டீங்குது போங்க."

பதினோரு வருஷம் வேலை பார்த்தவரின் பெயர். நினைப்பு வரவில்லையாம்.

சிரித்து முடித்து, என்னிடம் எழுப்பிவிடச் சொல்லிவிட்டுப் படுத்தவர்தான்.

இப்போது கடைசி அழைப்பு வந்தது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. தூங்குகிறவரைத் தூங்க விட்டால் போதும், பூட்டு தானாகத் தொங்கும். பையை எடுத்துக்கொண்டு பத்தடி நடந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஆனால் மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து தோளைப் பிடித்து உலுக்கினேன்.

பதறி எழுந்தார். செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு, இரண்டு கையும் கூப்பி, மகராசியாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தினார். கண்கூடக் கலங்கியிருந்தது.

கேட்டில் எனக்குப் பின்னால் நின்றார். அங்கிருந்த பெண் என் பாஸ்போர்ட்டை விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"மிஸ் பெரியா… கருப்பன்?"

தலையாட்டினேன்.

பாஸ்போர்ட்டில் சர்நேம் கேட்கிற கட்டத்தில் நாமெல்லாம் அப்பா பெயரைத்தான் எழுதுகிறோம். வெளிநாட்டில் அப்புறம் அதுதான் நம் பெயர். நான் அனுப்புகிற மெயில்களின் அடியிலும் அதுதான் இருக்கும்.

மகுடேஸ்வரனுக்கு அது யாருடைய பெயர் என்று அப்போதும் தெரியவில்லை. முகமெல்லாம் பல்லாக முன்னால் வந்தார்.

"அட, நீங்கதானுங்களா மேடம் அது! நான் ஆம்பளைன்னல்ல நெனச்சுட்டிருந்தேன். உங்க பக்கத்துச் சீட்டை மாத்திக் கேக்கட்டுங்களா? ஏழு மணி நேரம் இருக்குது, பேசிட்டே போயர்லாமுங்க."

"தாராளமாக் கேளுங்க" என்றேன்.