பத்தாயிரம் மணி நேரம்

"பத்தாயிரம் மணி நேரம் உழைக்கும்னு மேல எழுதினா ஆச்சா? உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

எலியோடோரோ அந்தக் கெப்பாசிட்டரை, ரேடியோவுக்குள் மாட்டும் மின்தேக்கியை, உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான். பெரு நாட்டுத் தலைநகர் லிமாவின் பாருரோ தெருவில் சாமான் வாங்கும் ரேடியோ மெக்கானிக்குகள் முதலில் செய்கிற காரியம் அது. சின்ன உருளையைப் பெரிய கூட்டுக்குள் திணித்து, புது உறை மாட்டி விற்பவர்கள் அங்கே உண்டு. போலி என்றால் கனம் இருக்காது.

"ஆறு சோல். வேணும்னா எடு, இல்லேன்னா இடத்தக் காலி பண்ணு," என்றார் கடைக்காரர் தோன் பல்தாசார். பத்து சென்டிமோகூடக் குறைக்காத மனிதர் என்று தெருவே சொல்லும்.

"கோவிச்சுக்காதீங்க தோன். ஒரே ரேடியோவுக்கு இது மூணாவது தடவை. ஒரு மாசத்துல, பக்கத்துக் கடையில வாங்கிப் போட்ட ரெண்டும் உப்பிப்போச்சு. வெறும் இரைச்சல்தான் வருது. இதுவும் போச்சுன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடுவேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. படுத்த படுக்கையா கிடக்கிறவங்க. அதை விட்டா அவங்களுக்கு வேற துணை இல்ல."

"யாரு?"

"ஒப்துலியா அம்மா. ஒப்துலியா சும்பிதாஸ்."

பல்தாசாரின் கையிலிருந்த டப்பா நழுவி, கெப்பாசிட்டர்கள் தரையெங்கும் உருண்டன. அவர் அவற்றைப் பொறுக்கவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து வேறொரு பெட்டியை எடுத்தார்.

"அதைக் கீழ வை. இந்தா, அசல் ஜப்பான் சரக்கு. நூத்தஞ்சு டிகிரி சூட்டையும் தாங்கும். நாலா எடுத்துக்கோ."

"எவ்வளவு?"

"ஒண்ணும் வேண்டாம்."

எலியோடோரோவுக்கு ஒன்றும் புரியவில்லை. நகத்தால் உறையைச் சுரண்டிப் பார்த்தான். மீட்டரில் வைத்துப் பார்த்தான். அசல்தான். குழப்பம் இன்னும் கூடியது.

"திருட்டுச் சாமானா?"

"வாயக் கழுவு!"

"அந்தம்மா உங்களுக்குச் சொந்தமா?"

"முகத்தக்கூடப் பாத்ததில்ல."

"அப்ப, கடுதாசியிலயே காதலா?"

"எழுபது வயசுல எனக்கு அது ஒண்ணுதான் குறைச்சல். போய் மாட்டு, மாஸ்டர்!"

"காரணத்தச் சொல்லுங்க. இன்னொரு தடவை ஏமாந்தேன்னா அவங்க முகத்துல நான் முழிக்க முடியாது."

பல்தாசார் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கோயில் வானொலியில சாயங்காலம் ஜெபமாலை சொல்றது நான்தான். ஒன்பது வருஷத்துல, முடிஞ்சதும் போன் பண்ணி 'ஆமென்' சொன்ன ஒரே ஆள் அந்தம்மாதான். ஒரு மாசமா போனே இல்ல. போய்ச் சேந்துட்டாங்கன்னு நினைச்சு, தினமும் பேரைச் சொல்லி அவங்க ஆத்துமாவுக்கு ஜெபம் பண்ணிட்டிருக்கேன்… ரேடியோவுல!"