இழுத்து வரும் காட்சி

ரஃபிக் ஓடினான்.

மேடையின் ஓரத்தில் தொங்கிய திரையை விலக்கி, மண்டபத்தின் பின்கதவு வழியாக வெளியே போனான். நாடகத்தில் எழுதியிருந்தபடியேதான் ஓடினான்.

கூட்டம் கைதட்டியது. கோயில் திருவிழாவுக்கு பக்கத்து ஊரான ரிங்லெட்டிலிருந்து வந்திருந்தவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சசிரேகாவுக்கு இப்போதுதான் மூச்சு சீராக வந்தது. இனி ஒரே ஒரு காட்சி. ஓடிப்போன கூலியைக் கங்காணி பிடித்து இழுத்து வந்து துரையின் காலடியில் தள்ளுவார். திரை விழும்.

நாடகம் அவள் எழுதியது. காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் கதை. அவள் கொள்ளுத்தாத்தாவும் அதில் ஒருவர்.

அவர்களாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. லயத்து வீட்டுப் பையன்கள் எல்லாரும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அதனால் இப்போது இந்த எஸ்டேட்டில் கொழுந்து வெட்டுகிற வங்காளதேசத்து ஆட்களுக்கு, ரஃபிக்குக்கும் சேர்த்து, வேட்டி கட்டிவிட்டாள். சும்மா நின்றாலே பாதி நடிப்பு வந்துவிடுகிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டாள். பிறகு, அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்தால் ஒரு மாதிரியாக இருந்தது.

கங்காணி வேஷத்துக்கு மட்டும் ஆள் தேடவில்லை. மாடசாமி நிஜமாகவே கங்காணி. தினமும் விடிகாலையில் இதே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறவர். ஒத்திகையில் அவருக்கு ஒரே ஒரு குறைதான்.

"ஏம்மா, மொதல்லேருந்து கடைசி வரைக்கும் நான் அடிச்சிக்கிட்டேதான் இருக்கணுமா? ஒரு எடத்துல சிரிக்கக் கூடாதா?"

"சிரிச்சா கங்காணின்னு யாரு மாமா நம்புவா?"

"அதுவும் சரிதான்லா," என்று ஒட்டு மீசையை அழுத்திக்கொண்டார்.

அவள் படித்த கதைகளில் எல்லாம் கங்காணி அப்படித்தான் இருந்தான். வேறு மாதிரி எழுத அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் துணிந்திருக்க மாட்டாள்.

மேடையில் துரை வேஷத்தில் இருந்த எல்வின் காத்திருந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தான். திரும்பி வந்தான். மறுபடி நடந்தான்.

சசிரேகா பின்கதவை எட்டிப் பார்த்தாள். வாசல்படியில் ரஃபிக்கின் வேட்டி மட்டும் இருந்தது. நான்காக மடித்து வைத்திருந்தான்.

ரஃபிக்கின் ஒப்பந்தம் போன வருஷமே முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் ஏஜெண்டிடம் இருக்கிறது. ஊருக்கு அனுப்புங்கள் என்று ஆபீசில் கேட்கும்போதெல்லாம் 'அடுத்த மாசம்' என்பார்கள். எஸ்டேட் கேட்டில் எந்நேரமும் காவல் உண்டு. இன்றைக்குக் காவல்காரரும் முன்வரிசையில் உட்கார்ந்து நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் ஒத்திகை முடிந்து வேட்டியை அவிழ்க்கும்போது அவன் கேட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது.

"ஓடுற ஆளு ஏன் அக்கா எப்பவும் மாட்டிக்குது? ஒருத்தன்கூட போனது இல்லையா?"

அப்படித்தான் நடந்தது என்று அவள் சொல்லியிருந்தாள். அவளுக்கே அது உறுதியாகத் தெரியாது. தப்பிப் போனவர்கள் திரும்பி வந்து யாரிடம் கதை சொல்லியிருக்கப் போகிறார்கள்?

மாடசாமியும் வந்து படியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

ஆள் ஒருவன் குறைந்தால் மேனேஜர் முதலில் பிடிப்பது கங்காணியைத்தான். இதற்கு முன் ஒருவன் ஓடியபோது, தெரிந்தே விட்டாய் என்று சொல்லி அந்தக் கங்காணியை வேலையை விட்டு நிறுத்தினார்கள். குடியிருந்த வீடும் போனது. இப்போது கோலா தெர்லாவில் யாரோ ஒருவருடைய காய்கறித் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறார்.

"நீ உள்ள இரு," என்றார் மாடசாமி. பிரம்போடு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழை தகரக் கூரையில் கொட்டத் தொடங்கியது.

யாருக்காக வேண்டிக்கொள்வது என்று சசிரேகாவுக்குத் தெரியவில்லை. ரஃபிக் அகப்படக் கூடாது. மாடசாமி மாமாவுக்குப் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எல்வின் வேறு வழியில்லாமல், புகையிலை இல்லாத காலிச் சுங்கானைப் பற்றவைப்பது போல நடித்துக்கொண்டிருந்தான். கூட்டம் சிரித்தது.

கதவு திறந்தது. மாடசாமி அவளைப் பார்க்காமல் நேரே மேடைக்குப் போனார். தனியாக.

"ஆத்தங்கரை வரைக்கும் ஓடிப் பாத்துட்டேன் தொரை. ஆளு தப்பிச்சிட்டான்."

அது அவள் எழுதாத வசனம். அழ வேண்டிய இடத்தில், மேடையில் கூலிகளாக நின்ற ரஃபிக்கின் கூட்டாளிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவனுடைய தோள் மட்டும் குலுங்கியது. அழுகிற மாதிரித் தெரியவில்லை.

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். பிறகு எல்லாரும் கைதட்டினார்கள். சசிரேகா திரையை இழுத்து மூடினாள்.

முன்வரிசையில் மேனேஜர் மட்டும் கைதட்டவில்லை. நாடகத்தை முழுக்கப் படித்துப் பார்த்த பிறகுதான் அவர் மண்டபத்தைக் கொடுத்திருந்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். மேடைப் படியில் அவருடைய ஷூ சத்தம் கேட்டது.

"கங்காணி! எங்க அவன்?"

சசிரேகா மாடசாமியின் பக்கம் திரும்பினாள். ஆற்றங்கரை வரைக்கும் ஓடிப் பார்த்தவருடைய சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை.

அவள் பின்கதவைத் திறந்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மழையில் நிறுத்தினாள்.