பதினைந்து ஏப்ரன்கள்

“மார்ச் 12. பத்து ஏப்ரன் போதும், பதினைந்து கொடுத்துவிட்டேன்” என்று பெர்மெத் நாட்குறிப்பில் எழுதினாள்.

பத்துத் தொண்டர்கள் இருந்தால்தான் நாரின் நகர இலவசச் சூப்புக்கூடத்துக்கு உதவித்தொகை. இல்லாவிட்டால் மூட வேண்டியதுதான். உண்மையில் இருந்தது அவளும் ஜிப்பார் அக்காவும்தான்.

பார்வையிட வந்த அதிகாரியை வாசலைப் பார்த்த மரியாதை இடத்தில் உட்காரவைத்துச் சூப் ஊற்றினார்கள். விருந்தாளி சாப்பிடும்போது ஏப்ரன் கட்டிய யாரும் உட்காரவில்லை. எல்லோர் கண்ணும் சட்டியிலேயே இருந்தது.

“அடேயப்பா, இவ்வளவு தொண்டர்களா!”

“எல்லாம் நல்ல மனசுக்காரங்க அண்ணே” என்றாள் அக்கா.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். “சரி, பசிச்சவங்க எங்கம்மா? வந்ததுலேருந்து சாப்பிட்டது நான் ஒருத்தன்தானே! நாளைக்கு மறுபடி வர்றேன். அப்பவும் யாரும் இல்லேன்னா பணம் கிடையாது.”

பெர்மெத் கடைசி வரியை எழுதினாள்: “நாளை: தினமும் சாப்பிட வரும் அந்தப் பதினைந்து பேரில் ஐந்து பேருக்கு ஏப்ரனைக் கழற்ற வேண்டும்.”