மூன்றாவது பதில்

“உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பார்த்தோம். ரொம்ப அழகான பூ. பறிச்சுட்டுப் போகலாமான்னு கேக்க வந்திருக்கோம்” என்றார் மாப்பிள்ளையின் மாமா அமிசா, தொண்டையைச் செருமிக்கொண்டு.

“இப்பத்தான் பார்த்தீங்களாக்கும்!” என்றாள் பெண்ணின் பெரியம்மா எஃபுவா. “இதே கூடத்துல உட்கார்ந்து, இதே பூவைத்தானே அன்னிக்கும் கேட்டீங்க? குடுத்தோம். தண்ணி ஊத்தாம விட்டுட்டு ஓடினான் உங்க பையன். மறுபடியும் கூடையைத் தூக்கிட்டு வந்துட்டீங்க!”

ஜன்னலுக்கு வெளியே கூடியிருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். கானாவின் கடலோர ஊரான சால்ட்பாண்டில் யார் வீட்டில் பெண் கேட்டாலும் ஜன்னலில் இடம் கிடைக்காது. அதிலும் விட்டுப்போனவன் திரும்பி வந்து கேட்கிறான் என்றால் சும்மாவா?

அந்த விட்டுப்போனவன், கொபினா, சுவரோரம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை வாய் திறக்கக் கூடாது, பெரியவர்கள்தான் பேச வேண்டும். அவனுக்கும் கவலையில்லை. காலையில்தான், அவன் பெண் கேட்டு வந்திருக்கும் அராபாவின் கென்கிக் கடைக்குப் போயிருந்தான். வாழை இலையைப் பிரித்துச் சோளமாவு உருண்டையைத் தட்டில் வைத்தவள், அவன் கேட்காமலேயே மிளகாய்த் துவையலை இரண்டு கரண்டி போட்டாள். அவனுடைய காரம் அவளுக்கு மறக்கவில்லை. அவள் நிச்சயம் சரியென்றுதான் சொல்வாள்.

“எதுக்குப் போனான்?” பெரியம்மா விடுவதாக இல்லை. “கடையை மூடிட்டு என்கூட டகோராடிக்கு வா, கடையா நானான்னு கேட்டான். இவ கடைன்னா. உடனே துரைக்குக் கோபம் வந்துடுச்சு. போனவன் ஒரு போன் பண்ணினானா?”

“சின்ன வயசு, ரத்தம் சூடு...” என்று இழுத்தார் மாமா.

“எங்களுக்கு மட்டும் ஐஸ் தண்ணியா ஓடுது? அதான் கல்யாணத்துக்கு நீங்க குடுத்த ஜின்னுக்குப் பதிலா ஒரு ஜின் பாட்டிலைத் திருப்பி அனுப்பினோம். பாட்டில் திரும்பினா உறவு முடிஞ்சுது. அராபா கையிலேயே குடுத்து, உங்க வீட்டுல சேர்த்துட்டு வான்னு அனுப்பினேனே! ஏழு வருஷம் ஆச்சு!”

அமிசா மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார்.

“அதுக்கப்புறம் ஹெட்மாஸ்டரே இவளைக் கேட்டு ஆள் அனுப்பினார். வேண்டாம்னுட்டா. ஏன்டின்னு கேட்டா சிரிக்கிறா!”

கொபினாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டான்.

“தப்பு என்னோடதுதான் பெரியம்மா. டகோராடி வேலையை விட்டுட்டேன். இனிமே இங்கேயே மான்கெசிம் ரூட்ல வேன் ஓட்டப் போறேன். விடிகாலைல அவளோட மாவு மூட்டையை நான் தூக்குவேன். கடையை மூடுன்னு சொன்ன வாய் இனிமே சாப்பிட மட்டும்தான் திறக்கும்.”

“கென்கிக்கு இலை கட்டத் தெரியுமா?” ஜன்னலிலிருந்து ஒரு குரல்.

“கத்துக்கறேன்!”

“உட்காருடா, பேச வேண்டியவன் நான்” என்று சட்டையைப் பிடித்து இழுத்தார் மாமா.

பெரியம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, அவர்கள் கொண்டுவந்து வைத்திருந்த சிவப்பு ரிப்பன் கட்டிய ஜின் பாட்டிலைக் கையில் எடுத்தாள்.

“அராபா! இங்க வா. மூணு தடவை கேப்பேன். மூணாவது பதில்தான் முடிவு. வேண்டாம்னு சொல்லிட்டா, அப்புறம் இவன் இந்தக் கதவைத் தட்டவே முடியாது. இந்தப் பாட்டிலை வாங்கலாமா?”

உள்ளறையிலிருந்து வந்து நின்ற அராபா, பாட்டிலைப் பார்த்தாள்.

“வேண்டாம்.”

 கொபினாவின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

“வாங்கலாமா?”

“வேண்டாம்.”

பெரியம்மாவே இதை எதிர்பார்க்கவில்லை. அவள் திட்டியது என்னவோ நிஜம், ஆனால் அவனைத் துரத்திவிட வேண்டும் என்று நினைக்கவில்லை. அராபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கோபத்துல சொல்லாதேடி. பையன் இளைச்சுப் போயிருக்கான், பாரு. நல்லா யோசிச்சுச் சொல்லு. கடைசித் தடவை கேக்கறேன். வாங்கலாமா?”

“வேண்டாம் பெரியம்மா.”

கொபினா மெல்ல எழுந்தான். கண் கலங்கிவிட்டது. யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய், செருப்பைக் காலால் தேடினான்.

“நான் வர்ற வரைக்கும் இடத்தை விட்டு அசையாதே!” என்று அதட்டிவிட்டு, அராபா உள்ளே போனாள்.

திரும்பி வந்தவள் கையில் இன்னொரு ஜின் பாட்டில் இருந்தது. லேபிள் மங்கி, தூசி படிந்து, மூடி திறக்காமல் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அமிசா மாமா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

“அவர் வீட்டுல சேர்த்துட்டு வான்னு நீங்க குடுத்தனுப்பின பாட்டில் இதுதான் பெரியம்மா. என் கட்டிலுக்கு அடியிலேயே இருந்துது” என்றாள் அராபா. “ஒரே புருஷனுக்கு எத்தனை தடவை பாட்டில் வாங்குவீங்க?”