பொருந்தாத பிரீஆம்ப்

பெரம்பலூரில் ஆடியோ கடை வைத்திருக்கும் சாமிதுரையைத் தேடி, அரியலூரிலிருந்து ஐந்தாவது சனிக்கிழமையாக பஸ் ஏறி வந்திருந்தார் ஜெயசீலன்.

"என் ரெண்டு பவர் ஆம்புக்கும் முன்னாடி மாட்ட, இரைச்சல் புடிக்காத பேலன்ஸ்டு பிரீஆம்ப் இன்னிக்காச்சும் கெடைக்குமாண்ணே? இப்ப இருக்கறதுல ஒரே இரைச்சல்."

"போன வாரம் ஒண்ணு வந்துச்சு தம்பி. பின்னாடி மூணு பின் சாக்கெட் இருக்கு, உள்ள பேலன்ஸ்டு சர்க்யூட்டே இல்ல. திருப்பி அனுப்பிட்டேன்."

"அதுக்கு முந்தி வந்தது?"

"வால்யூமைத் தொட்டாலே அலறுது. அத உங்க தலையில கட்டச் சொல்றீங்களா?"

ஜெயசீலன் சிரித்தார். "பெரம்பலூர்ல சின்ன வூடு வச்சிருக்கேனான்னு எங்க வூட்ல கேக்குறாங்க."

"இங்க வாரம் பூரா சார்ஜர் கேக்குறவன்தான் வரான். ஒருத்தனும் உக்கார்றதில்ல. நீங்க உக்காருங்க, டீ சொல்றேன்."

இருவரும் மாலை வரை பாட்டுக் கேட்டார்கள்.

"அடுத்த சனிக்கிழமை வாங்க. கட்டாயம் வந்துடும்."

ஜெயசீலன் ஏறிய பஸ் மறைந்ததும் சாமிதுரை உள்ளே வந்தார். மேசைக்கடியில் பேலன்ஸ்டு பிரீஆம்ப் ஒன்று பெட்டியோடு இருந்தது. அதைச் சோதித்துப் பார்த்து, பெட்டி மேல் 'ஜெயசீலன், அரியலூர்' என்று அவரே எழுதி மூன்று வாரமாகிறது.

விலகியிருந்த துணியை இழுத்து அதை மூடினார்.