தயார்

நீராவி வால்வைப் பூட்டச் சொல்லிவிட்டு செபஸ்தியான் சாயத் தொட்டியைக் கழுவ உள்ளே இறங்கினார். வால்வைப் பூட்டும் எண்ணை மங்கை, அதை இயக்கும் பழைய கம்ப்யூட்டரின் நினைவகத்தில் நேரடியாக எழுதினாள். திரை ‘தயார்’ என்றது. அப்போதுதான் கவனித்தாள், எண்ணை எழுதிய நினைவக இடத்தின் முகவரியில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. சரியான முகவரியில் மறுபடி எழுதினாள். அதற்கும் ‘தயார்’. எங்கே எதை எழுதினாலும் அது அப்படித்தான் சொல்லும். முதல் இடத்தில் இருந்த எண் எதை இயக்கிக்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியாது. அழிப்பதற்கு முன் படித்துப் பார்க்கவில்லை.

“பூட்டியாச்சாம்மா?” தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“மேல வாங்கண்ணே.”

“இப்பத்தானே தேய்க்க ஆரம்பிச்சேன்.”

“மொதல்ல வாங்க.”

தொட்டிக்குப் போகும் நீராவிக் குழாயின்மேல் அவர் காயப்போட்டிருந்த ஈரச் சட்டையிலிருந்து மெல்ல ஆவி எழுந்தது.