நாலாவது கட்டம்

பத்திரிகையில் பக்கம் அமைக்கிற அந்த லேஅவுட்காரர் என் உயிரை எடுத்துவிட்டார். ஒரே பக்கம், நாலே கட்டம், ஒரு சின்ன காமிக்ஸ். அதற்குப் போய் ஏழு தடவை நடக்க விட்டார்.

மனநலச் சிறப்பிதழுக்காக அதை வரைந்து தரச்சொல்லிப் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். மனைவி இறந்து மூணு மாசமாக நான் வாசற்படி தாண்டவில்லை. மகள் போனில் கெஞ்சினாளே என்றுதான் ஒத்துக்கொண்டேன்.

கதை சுலபம். முதல் கட்டத்தில் ஒருத்தன் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். ரெண்டில் போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. மூணில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். நாலில் எழுந்து வந்து திறக்கிறான். வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நாலாவது கட்டம் சரியா வரல சார். வேற போட்டு எடுத்துட்டு வாங்க."

போனில் படம் எடுத்து அனுப்புகிறேன் என்றால் முடியாதாம். நேரில்தான் வரணுமாம்.

ஒரு நாள் படத்தில் கை விறைப்பாக இருக்கிறது என்றார். இன்னொரு நாள் வாசலில் செருப்பைக் காணோம் என்றார். தாடி ஜாஸ்தி என்றபோது என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வந்த எரிச்சலில் வீட்டுக்குப் போய் முதல் வேலையாகச் சவரம் பண்ணினேன். இதில் ஒவ்வொரு தடவையும் ஒரு டீ, ஒரு மணி நேரம் ஊர்க்கதை வேறு. வேலைவெட்டி இல்லாத மனுஷன்.

எட்டாவது நாள், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று முடிவு கட்டி, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

அவர் இருக்கையில் இல்லை. டைப் அடிக்கிற அம்மா புது இதழை நீட்டினார். புரட்டினேன். என் காமிக்ஸ் வந்திருந்தது. நாலாவது கட்டத்தில் அதே விறைத்த கை, அதே தாடி, செருப்பில்லாத வாசல். முதல் நாள் போட்ட படம்.

"தப்பா பழசைப் போட்டுட்டாங்களேம்மா?"

அந்த அம்மா தயங்கினார். "அது அன்னைக்கே அச்சுக்குப் போயிடுச்சு சார். உங்களுக்கு வீட்டை விட்டு வெளியே வர ஒரு சாக்கு வேணும், யாரும் சொல்லிடாதீங்கன்னு அவர்தான்..."



அதற்குள் லேஅவுட்காரர் ரெண்டு டீயோடு வந்தார். இதழைப் பைக்குள் மறைத்தேன்.

"நாலாவது கட்டம் இன்னும் சரியா வரல சார்," என்றேன். "நாளைக்கும் வரட்டுமா?"